எந்தப் பக்கத்தில் ஜேமியைப் பிடித்துப்போனது?

‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ ரசிகர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் ஒரு கேள்வி எப்படியும் வந்து விழும்: ஜேமி லானிஸ்டரை உனக்கு எப்போது பிடிக்க ஆரம்பித்தது?

தொடரை மட்டும் பார்த்தவர்கள் யோசிக்கவே மாட்டார்கள். குளியல் காட்சி என்பார்கள். 2013-ல் வந்த மூன்றாவது சீசனின் ஐந்தாவது எபிசோட். ஆவி பறக்கும் வெந்நீர்த் தொட்டி, வெட்டுப்பட்ட வலது கை, காய்ச்சலில் கொதிக்கும் உடம்பு. எதிரே, அவனுக்குக் காவலாக வந்த பிரியென் என்ற பெண். வருடக்கணக்காக நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததை அவளிடம் கொட்டுகிறான் ஜேமி. டென்மார்க் நடிகர் நிகோலாய் கோஸ்டர்-வால்டாவ் அந்தச் சில நிமிடங்களில் நடித்த நடிப்பை இன்றும் பலர் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறார்கள்.

புத்தகம் படித்தவர்களைக் கேட்டாலும் முதலில் இதே பதில்தான் வரும். கொஞ்சம் துருவினால், “இல்லையில்லை, அதுக்கு முன்னாடியே…” என்று இழுப்பார்கள். எங்கே என்று கேட்டால் சட்டென்று சொல்லத் தெரியாது. அந்த ‘முன்னாடியே’ எந்த இடம் என்று தேடிப் பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை.

(இன்னும் படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இனி வருகிற ஒவ்வொரு பத்தியும் கதையை உடைக்கும்.)

ஃபேன்டசி வரிசைகளில் வாசகர் மனம் மாறிய பாத்திரங்களுக்குப் பஞ்சமே இல்லை. ஹாரி பாட்டரில் ஸ்னேப் இருக்கிறார். டோல்கீனிடம் கொலம் இருக்கிறான். ஆனால் ஜேமி அளவுக்குக் கீழே போட்டு, அந்தப் பள்ளத்திலிருந்து அங்குலம் அங்குலமாகத் தூக்கப்பட்ட பாத்திரம் அபூர்வம். ஏழு வயதுப் பிள்ளையை உயரத்திலிருந்து கீழே தள்ளுகிறவனாகத்தான் அவன் நமக்கு அறிமுகம்.

ஜன்னல்

ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ‘எ சாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்’ வரிசையில் முதல் புத்தகம் 1996-ல் வந்தது. விண்டர்ஃபெல் கோட்டைக்கு அரசர் விருந்தாளியாக வந்திருக்கிறார். சுவர் ஏறிப் பழகிய சிறுவன் பிரான், ஆள் நடமாட்டமில்லாத பழைய கோபுரத்தின் ஜன்னல் வழியே பார்க்கக் கூடாததைப் பார்த்துவிடுகிறான். உள்ளே இருப்பது மகாராணி செர்சியும் அவளுடைய இரட்டைச் சகோதரன் ஜேமியும்.

இந்த இடத்தை நிறுத்தி நிதானமாகப் படிக்க வேண்டும். செர்சி போட்ட கூச்சலில் பிரானின் பிடி நழுவுகிறது. விளிம்பைப் பிடித்துத் தொங்குகிறான். ஜேமி கை நீட்டுகிறான். பையன் பற்றிக்கொள்கிறான். ஜேமி அவனை மேலே இழுத்துவிடுகிறான். வயது என்ன என்று கேட்கிறான். ஏழு என்று பதில் வருகிறது. அதற்குப் பிறகுதான் தள்ளுகிறான்.

விழவிருந்த பிள்ளையைக் காப்பாற்றி, வயதைக் கேட்டு, பிறகு கொல்லப் பார்க்கிறான். அவன் உள்ளே என்ன ஓடியது என்று ஒரு வரி கூடக் கிடையாது. பார்த்துக்கொண்டிருப்பது பிரானின் கண், விழுவதும் அவனே. பிள்ளை பிழைத்துக்கொள்கிறான், ஆனால் கால்கள் போய்விடுகின்றன.

மார்ட்டினின் கதை முழுக்க இப்படி யாராவது ஒருவருடைய கண் வழியாகத்தான் நடக்கும். முதல் புத்தகத்தில், முன்னுரை அத்தியாயத்தை விட்டுவிட்டால், அப்படி எட்டுப் பேர். அதில் ஆறு பேர் விண்டர்ஃபெல் வீட்டுப் பிள்ளைகளும் பெற்றவர்களும். ஏழாவது ஆள் டெனேரிஸ், ஜேமியின் வாளுக்கு இரையான அரசர் ஏரிஸின் மகள். ஆக, ஜேமியை வெறுக்கக் காரணமுள்ள ஏழு பேர் எழுதிய சாட்சிப் பத்திரம்தான் நம் கையில் இருக்கிறது. நெட் ஸ்டார்க் என்ற நேர்மைக்குப் பேர்போன மனிதர், அரசரைக் கொன்றுவிட்டு ஜேமி சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்ததைக் கண்ணால் கண்டதாகச் சொல்கிறார். நெட் சொன்னால் நம்பாமல் இருப்போமா?

எட்டாவது ஆள் டிரியன். ஜேமியின் குள்ளத் தம்பி. தகப்பன் வெறுத்தார், அக்கா வெறுத்தாள். சின்ன வயதிலிருந்து தன்னிடம் பாசமாக இருந்தது அண்ணன் மட்டும்தான் என்று நினைக்கிறவன். டிரியனை நமக்குப் பிடித்துப்போக அதிக நேரம் ஆவதில்லை. அவனுக்குப் பிடித்தவனை முழுசாக வெறுக்க முடியாமல் மனசு ஒரு ஓரத்தில் இடறுகிறது. கவனித்துப் பார்த்தால் ஜேமியின் பேரில் வரவான முதல் காசு இதுதான். படிக்கும்போது யாரும் கணக்கில் எழுதிக்கொள்வதில்லை.

1998-ல் வந்த இரண்டாவது புத்தகத்திலும் ஜேமிக்கென்று ஓர் அத்தியாயம் கூட இல்லை. ரிவர்ரன் கோட்டைச் சிறையில் கிடக்கிறான். பிரானின் தாய் கேட்லின், முன்கூட்டியே மது அனுப்பிவிட்டு, இறங்கி வந்து அவனிடம் பேச்சுக் கொடுக்கிறாள். நீ ஒரு கேள்வி, நான் ஒரு கேள்வி என்று பேரம். பிரானைத் தள்ளியது நான்தான் என்று முகத்துக்கு நேரே ஒப்புக்கொள்கிறான். போதை ஏற ஏற, பழைய அரசர் ஏரிஸ் கேட்லினின் மாமனாரைக் கவசத்தோடு எரித்த கதையும், அவரைக் காப்பாற்றப் போராடிய மூத்த மகன் பிராண்டன் கழுத்து இறுகிச் செத்த கதையும் வருகின்றன. அரசரைக் காப்பேன், நிரபராதியைக் காப்பேன், அப்பன் பேச்சைக் கேட்பேன் என்று ஒருவன் அத்தனை சத்தியங்களையும் செய்து வைத்திருந்தால், ஒன்றுக்கொன்று முட்டும்போது எதைக் காப்பாற்றுவது என்று கேட்கிறான். நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவன் யார் என்பதால் நாம் அசைவதில்லை. கேட்லின் தன் கூட நின்ற பிரியெனிடம் வாளைக் கேட்பதோடு அத்தியாயம் முடிகிறது. வெட்டிப் போடட்டும் என்றுதான் அன்றைக்குப் படித்தவர்கள் நினைத்திருப்பார்கள்.

துடுப்பு

மூன்றாவது புத்தகம், ‘எ ஸ்டார்ம் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’, 2000-ல் வந்தது. முன்னுரையைத் தாண்டிப் பக்கத்தைப் புரட்டினால் அத்தியாயத்தின் தலையில் ‘ஜேமி’ என்று இருக்கிறது. ஆயிரம் பக்கங்களுக்கு மேல் வெளியில் நின்று பார்த்து வெறுத்த ஒருவனின் தலைக்குள், கதவைக் கூடத் தட்டாமல், நம்மைப் பிடித்துத் தள்ளிவிடுகிறார் மார்ட்டின். பிரானைத் தள்ளிய தள்ளலுக்குப் பிறகு இந்த வரிசையில் ஆகப் பெரிய தள்ளல் இது என்பேன்.

உள்ளே போனால் முதலில் கிடைப்பது சிரிப்பு. ஜேமி நக்கல் பிடித்தவன். விலங்கு மாட்டிய கையோடு சிறு படகில் உட்கார்ந்துகொண்டு ஆறு, காற்று, காவலுக்கு வரும் பெண் என்று ஒன்றையும் விடாமல் கிண்டலடிக்கிறான். மகள்களை மீட்கும் ஆசையில் கேட்லின் அவனை விடுவித்து, தலைநகரில் கொண்டுபோய் ஒப்படைக்கும் பொறுப்பை பிரியெனிடம் கொடுத்திருக்கிறாள். ஆறடிக்கு மேல் உயரம், அழகில்லாத முகம், கொடுத்த வாக்கு ஒன்றே குறி. இரண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. அவன் வாய் ஓயாது, அவள் வாய் திறக்க மாட்டாள். ஒரு வாசகரை ஒருவனுடைய தோளோடு தோளாக உட்கார வைக்க நகைச்சுவையைப் போல வேறு எதுவும் உதவாது. மூன்று பக்கம் சிரித்துவிட்டால் நாலாவது பக்கத்தில் வெறுப்பைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

பிறகு துரத்தல். ரிவர்ரனிலிருந்து பெரிய படகு ஒன்று பின்னால் வருகிறது. பிரியென் கரையில் குதித்து, பாறை மேட்டில் ஏறி, ஒரு பெரிய கல்லைப் புரட்டிப் படகின் மேல் போடுகிறாள். படகு நொறுங்குகிறது. அவள் ஆற்றில் பாய்ந்து நீந்தி வருகிறாள்.

இப்போது ஜேமியின் கையில் துடுப்பு இருக்கிறது. தண்ணீரில் அவள் தலை மட்டும் தெரிகிறது. மண்டையில் ஒரு போடு போட்டால் காவல் ஒழிந்தது, விடுதலை. அந்த எண்ணம் அவனுக்கு வரவும் செய்கிறது. ஆனால் கை துடுப்பை அவள் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஏன் நீட்டினோம் என்று அவனுக்கே தெரியவில்லை. அவள் பற்றிக்கொள்கிறாள், படகுக்குள் இழுத்துப் போடுகிறான், உடனே அவள் அவலட்சணத்தைப் பற்றி மனசுக்குள் ஒரு கேலியும் அடித்துக்கொள்கிறான்.

இந்த இடம்தான். என்னைக் கேட்டால் ஜேமியைப் பிடித்துப்போகிற பக்கம் இதுதான், அதுவும் அவனுடைய முதல் அத்தியாயத்தின் முடிவில். விழப்போகிறவனுக்குக் கை நீட்டி இழுத்துப் பிறகு தள்ளியவன், இங்கே தள்ள வேண்டிய இடத்தில் கை நீட்டி இழுக்கிறான். இரண்டிலும் இழுப்பது அதே வலது கையா என்று மார்ட்டின் சொல்லவில்லை, வேலை ஒன்றுதான். அவர் இதற்கு அடிக்கோடு போடவில்லை. பிரானை யாரும் அங்கே நினைத்துக்கொள்வதில்லை. சத்தமில்லாமல் நடந்து முடிந்துவிடுவதால்தான் வாசகர்களால் பின்னாளில் இடம் சொல்ல முடிவதில்லை. தொடரில் இந்தத் துடுப்பே கிடையாது.

தொடருக்கு வேறு சங்கடம். கேமரா யார் தலைக்குள்ளும் போகாது. அதனால் 2012-ல், இரண்டாவது சீசனின் ஏழாவது எபிசோடில், புத்தகத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார்கள். சிறையில் கூட அடைபட்ட இளம் உறவினன் ஒருவனிடம் ஜேமி பழைய கதைகளை இதமாகப் பேசுகிறான். பார்க்கிற நமக்கு முகம் மலர்கிறது. பேசி முடித்ததும், தப்பிப்பதற்காக அவனையே அடித்துக் கொல்கிறான். பிடிக்க வைத்துவிட்டு அறைவது. புத்தகம் இதற்கு நேர்மாறு. தொடரில் ஜேமி ஏற வேண்டிய மேடு இதனால் இன்னும் உயர்ந்துவிட்டது. குளியல் காட்சி ஒன்றே மொத்தப் பாரத்தையும் சுமக்க வேண்டியதாயிற்று.

புத்தகத்தில் துடுப்புக்குப் பிறகு கதை வேகமெடுக்கிறது. கூலிப்படையிடம் இருவரும் சிக்குகிறார்கள். இரவில் பிரியெனை இழுத்துக்கொண்டு போகிறார்கள். ஜேமி, “நீலக்கற்கள்!” என்று கத்துகிறான். அவளுடைய தந்தை ஆளும் டார்த் தீவுக்கு நீலக்கல் தீவு என்று பேர். மகள் கெடாமல் திரும்பினால் எடைக்கு எடை நீலக்கல் தருவார் என்று கூலிப்படையை நம்ப வைக்கிறான். சுத்தப் பொய். தீவுக்கு அந்தப் பேர் சுற்றியுள்ள கடலின் நிறத்தால் வந்தது. அவன் சொன்ன பொய்களிலேயே உருப்படியானது இது. அதே கூலிப்படைதான் அவனுடைய வாள் பிடிக்கும் கையை வெட்டி எடுக்கிறது.

இனிமேல்தான் ஹாரன்ஹால் கோட்டையின் குளியல் தொட்டி. ஏரிஸ் தலைநகரின் அடியில் பல இடங்களில் ரசாயனத் தீயைப் புதைத்து வைத்திருந்ததும், தோல்வி உறுதியானதும் ஊரோடு கொளுத்தச் சொன்னதும், அதைத் தடுக்கத்தான் பதினேழு வயதில் ஜேமி தான் காக்க வேண்டிய அரசரையே கொன்றான் என்பதும் தெரிகிறது. ஊரே ‘அரசக் கொலைகாரன்’ என்று ஏசியது ஊரைக் காப்பாற்றியதற்காக. நெட் ஸ்டார்க் கண்டது நிஜம், புரிந்துகொண்டது பிழை.

பெரிய திருப்பம், சந்தேகமில்லை. ஆனால் அது எந்த இடத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஸ்டார்ம்’ புத்தகத்தில் ஜேமிக்கு ஒன்பது அத்தியாயங்கள். இது ஐந்தாவதில் வருகிறது. அதற்குள் அவனோடு சிரித்தாயிற்று, அவன் துடுப்பை நீட்டியதைப் பார்த்தாயிற்று, கை போனபோது பதறியாயிற்று. மனசு எப்போதோ கட்சி மாறிவிட்டது. காரணம் மட்டும் கையில் இல்லாமல் கூச்சப்பட்டுக்கொண்டிருந்தோம். தொட்டியில் ஜேமி கொடுப்பது அந்தக் காரணத்தை. இவனையா பிடிக்கிறது என்று யாராவது கேட்டால் நீட்டிக் காட்ட ஒரு சீட்டு.

இதே உண்மையை முதல் புத்தகத்தில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தவறாகப் புரிந்துகொள்ளப்பட்ட தியாகி என்று ஆரம்பத்திலேயே முத்திரை குத்தியிருப்போம். பிரானைத் தள்ளியதற்கும் ஏதாவது சமாதானம் தேடியிருப்போம். நமக்குக் கர்ணன் அப்படித்தான். ஆற்றில் விடப்பட்ட குழந்தையாக முதலில் மடியில் ஏந்திவிட்டோம். அதனால் பாஞ்சாலியை அவன் சபையில் பேசிய பேச்சு வரும்போது வலிக்கிறதே தவிர, கைவிட மனசு வருவதில்லை. மார்ட்டின் வரிசையைத் தலைகீழாக அடுக்குகிறார். குற்றம் முதலில், குரல் அடுத்து, இழப்பு அதற்குப் பிறகு, நியாயம் கடைசியில்.

மற்ற இருவர்

ஸ்னேப் கதையில் ஜே.கே. ரௌலிங் எல்லாவற்றையும் கடைசிப் புத்தகம் வரை இழுத்துப் பிடித்து, 2007-ல் ஒரே அத்தியாயத்தில் அவிழ்த்துவிட்டார். ஸ்னேப் செத்த பிறகு அவருடைய நினைவுகளை ஹாரி பார்க்கிறான். வாசகர் அழுகிறார். அழுது முடிப்பதற்குள் புத்தகம் முடிந்துவிடுகிறது. உண்மை தெரிந்த பிறகு ஸ்னேப்போடு பத்து நாள் பழக நமக்கு வாய்ப்பே தரப்படவில்லை. அதனால்தான் அவரைப் பற்றிய சண்டை இன்னும் ஓயவில்லை: பிள்ளைகளை வகுப்பில் வதைத்த வாத்தியாரா, காதலுக்காக உயிரை விட்டவரா? இரண்டும்தான். ஆனால் இரண்டையும் நாம் சேர்த்துப் பார்க்கும்படி ஒரு மனிதராக அவர் நம் முன் நடமாடியதில்லை.

கொலம் இன்னும் கஷ்டமான விஷயம். 1937-ல் ‘தி ஹாபிட்’ வந்தபோது, புதிர்ப் போட்டியில் தோற்ற கொலம் மோதிரத்தைக் கொடுக்க நிஜமாகவே தயாராக இருந்தான். பிற்பாடு எழுதிய பெரிய கதைக்கு அது ஒத்துவராததால் 1951 பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றினார். பெரிய கதையில் ஓரிடம் உண்டு. மலைப் படிக்கட்டில், கொலம் வழிகாட்டிக் கூட்டி வந்த ஃப்ரோடோவும் சாமும் தூங்குகிறார்கள். காட்டிக்கொடுக்கப் போன கொலம் திரும்பி வந்து பார்க்கிறான். முகத்தில் தந்திரம் கரைந்து, களைத்துப்போன ஒரு கிழவனாகத் தெரிகிறான். ஃப்ரோடோவின் முழங்காலை மெல்லத் தொடுகிறான். அந்த நேரம் பார்த்து சாம் விழித்துக்கொண்டு ஒரு கடுஞ்சொல் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், போயிற்று. நமக்குப் பிடிக்க ஆரம்பித்த அதே கணத்தில் அவன் கைநழுவிப் போகிறான். தான் எழுதியதிலேயே தன்னை மிகவும் வருத்திய இடங்களில் ஒன்றாக டோல்கீன் கடிதங்களில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். எனக்கு ஜேமியின் துடுப்பை விடவும் இது உயர்ந்த எழுத்து. ஆனால் கொலமை யாரும் ‘என் ஃபேவரைட்’ என்று சொல்வதில்லை, இரக்கப்படுவதோடு சரி.

பிடித்த பிறகு

ஜேமியை வாசகர்களின் கையில் கொடுத்துவிட்டு மார்ட்டின் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. கரடிக் குழிக்குள் பிரியெனைத் தள்ளிவிட்டார்கள் என்று தெரிந்து, ஒற்றைக் கையோடு, ஆயுதமில்லாமல் ஜேமி உள்ளே குதிக்கிறான். அந்தக் காட்சி வரும் எபிசோடைத் தொலைக்காட்சிக்காக எழுதியதும் மார்ட்டினே. கை தட்டுகிறோம். ஆனால் அதே புத்தகத்தின் முடிவுக்குப் போங்கள். சிறையிலிருந்து தம்பி டிரியனை விடுவிக்கிறான். கூடவே, பல வருடங்களுக்கு முன் தம்பியின் இளம் மனைவியைப் பற்றி அப்பா சொல்லச் சொன்ன பொய்யைச் சொன்னது தான்தான் என்றும் ஒப்புக்கொள்கிறான். டிரியன் அறைந்துவிட்டுப் போகிறான். ஜேமியை ஆரம்பத்திலிருந்து நேசித்த ஒரே ஆள் அவனைவிட்டு விலகுகிற புத்தகமும், நாம் அவனிடம் போய்ச் சேருகிற புத்தகமும் ஒன்றுதான்.

2005-ல் வந்த நான்காவது புத்தகத்தில் ஜேமிக்கு ஏழு அத்தியாயங்கள். ரிவர்ரனை ரத்தம் சிந்தாமல் பிடிக்கிறான். எப்படி? சரணடையாவிட்டால் உனக்குப் பிறக்கப் போகும் பிள்ளையைக் கவண் பொறியில் வைத்துக் கோட்டைக்குள் வீசுவேன் என்று கேட்லினின் தம்பியை மிரட்டி. சும்மா மிரட்டலா, செய்திருப்பானா என்று அவனுக்கே உறுதியாகத் தெரியாது என்று எனக்குப் படுகிறது. முதல் புத்தகத்துப் பிள்ளையைத் தள்ளியவன் உள்ளே உயிரோடுதான் இருக்கிறான். அதே புத்தகத்தின் கடைசியில், காப்பாற்ற வா என்று செர்சி எழுதிய கடிதத்தை நெருப்பில் போடச் சொல்கிறான். அதற்குப் பிறகு 2011-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் ஒரே ஓர் அத்தியாயம். அதோடு நிற்கிறது, அந்த வரிசையில் அடுத்த நாவல் இன்னும் வெளிவரவில்லை.

தொடர் 2019-ல் தன் போக்கில் முடித்துவிட்டது. வடக்கே போய், பிரியெனுக்கு வீரப்பட்டம் சூட்டி, மரத்தடியில் பிரானிடம் மன்னிப்பும் கேட்ட ஜேமி, கடைசியில் செர்சியிடமே ஓடிப்போய் அவளோடு செத்துப்போகிறான். ரசிகர்கள் கொதித்தார்கள். இத்தனை வருட வளர்ச்சியும் வீணா என்று கேட்டார்கள். ஓடிப்போனது எனக்குத் தவறாகப் படவில்லை. மனிதர்கள் பழைய இடத்துக்குப் போகத்தான் செய்வார்கள். போகிற வழியில் ஊர் மக்கள் மேல் தனக்கு என்றுமே அக்கறை இருந்ததில்லை என்று பேச வைத்தார்களே, அதுதான் தப்பு. குளியல் தொட்டியில் அவன் சொன்ன ஒரே ஒரு உண்மையை அது துடைத்துப் போட்டுவிட்டது.

பிரான் விஷயத்துக்கு வருவோம். ஜேமியைப் பிடிக்கிறது என்பதும் மன்னித்துவிட்டோம் என்பதும் வேறு வேறு. மன்னிக்கும் உரிமை பிரானுக்குத்தான் உண்டு, நமக்கில்லை. அந்த ஜன்னலுக்குப் பிறகு புத்தகங்களில் இருவரும் இன்னும் நேருக்கு நேர் சந்திக்கவே இல்லை. அதற்குள் ஜேமி திருந்திவிட்டான் என்று சான்றிதழ் கொடுப்பவர்கள் அவசரப்படுகிறார்கள்.

புதிதாகப் படிக்க உட்காருகிறவர்களுக்கு ஒன்றே ஒன்று. குளியல் காட்சியை யூடியூபில் பார்த்துவிட்டு ஆரம்பிக்காதீர்கள். முதல் புத்தகத்திலிருந்து தொடங்குங்கள். இரண்டு புத்தகம் முழுக்க ஜேமியை வாய்க்கு வந்தபடி திட்டுங்கள். அதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. மூன்றாவதில் படகு வரும்போது மட்டும் பக்கங்களைத் தள்ளிவிடாமல் படியுங்கள்.